எண் பொருந்தாத வண்டி: பழுதுபார்க்காத 1951 பிக்கப் ஒன்றின் விற்பனை

பின்னணி

வண்டி 1951ஆம் ஆண்டு மாடல் ஷெவர்லே 3100, அரை டன் பிக்கப். 1947 நடுவில் தொடங்கி 1955 தொடக்கம் வரை வந்த 'அட்வான்ஸ் டிசைன்' வரிசையைச் சேர்ந்தது. ஐந்து கிடைக்கம்பி கிரில், நடுவில் பிரிந்த இரட்டை முன்கண்ணாடி, பலகை பதித்த லோடு தொட்டி. இந்த முகத்தை ஒருமுறை பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள்.

வண்டிக்காரர் இறந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. ஒரு மகன், ஒரு மகள். இங்கே அண்ணன், தங்கை என்றே குறிப்பிடுகிறேன். வண்டி கடைசியாக ஓடி 19 ஆண்டுகள் ஆகின்றன. அது நின்ற கொட்டகை கைமாறப் போகிறது, நான்கு மாதத்துக்குள் காலி செய்தாக வேண்டும். அண்ணனுக்கு வண்டி மேல் ஆசை உண்டு, நிறுத்த இடம் இல்லை. தங்கைக்கு வண்டிகளில் ஈடுபாடே கிடையாது. ஆனால் அப்பாவின் வண்டியைக் கழற்றிச் சில்லறையாக விற்கக் கூடாது என்பதில் மட்டும் பிடிவாதம்.

பழைய வண்டிகள் சிலவற்றை வாங்கவும் விற்கவும் உதவியவன் என்ற முறையில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் வியாபாரி இல்லை, இதில் கமிஷனும் இல்லை. இந்த விற்பனையில் நடந்த தவறுகளில் பெரியது என்னுடையது. அது அதன் இடத்தில் வரும்.

நான் போவதற்கு முன்

அண்ணன் ஏற்கெனவே இரண்டு வேலைகளைச் செய்திருந்தார். இரண்டும் நல்ல எண்ணத்தில் செய்தவைதான்.

ஒன்று, தன் காரின் பேட்டரியைக் கழற்றி வந்து இதில் மாட்டி, ஹெட்லைட் எரிகிறதா என்று பார்த்திருக்கிறார். எரிந்தது, பளிச்சென்று, ஒரே ஒரு கணம். 1951 மாடலில் மின்சாரம் முழுக்க 6 வோல்ட். 12 வோல்ட்டுக்கு இந்த பிக்கப்புகள் மாறியது 1955இல் வந்த அடுத்த வரிசையில்தான். இரண்டு விளக்கும் போயின. நல்லவேளை, அதோடு நிறுத்திக்கொண்டார்.

இரண்டாவது வேலைதான் விலையைத் தொட்டது. இடது முன் ஃபெண்டரை கிரைண்டர் போட்டுத் தேய்த்து, மேலே சாம்பல் நிற பிரைமர் அடித்துவிட்டார். "பார்க்க அசிங்கமா இருந்துச்சு, வாங்க வர்றவங்க முகம் சுளிப்பாங்கன்னு நினைச்சேன்" என்றார். அடுத்து கதவுக்குப் போகும்போது தங்கை தடுத்திருக்கிறார். அந்தக் கதவில் அப்பாவின் தொழில் பெயர் தூரிகையால் எழுதியது, மங்கிய மஞ்சளில், பாதி எழுத்துகள் இன்னும் தெரிகின்றன. "அண்ணா, அதுல கை வைக்காதே" என்று அவர் சொன்னது பாசத்தில். விற்பனைக்கும் அதுவே சரியான முடிவாக அமைந்தது.

அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதை முகமூடி இல்லாமல் உலர்வாகத் தேய்ப்பது உடம்புக்குக் கெடுதல். விலை என்ற கணக்கில் பார்த்தாலும் நட்டம்தான். பச்சை பெயின்ட் உதிர்ந்து துரு தெரியும் ஃபெண்டரைப் பார்ப்பவர் "துரு இவ்வளவு" என்று அளந்துவிடுவார். பிரைமர் அடித்ததைப் பார்ப்பவர் "உள்ளே என்ன பட்டி போட்டு மூடியிருக்கிறார்களோ" என்று யோசிப்பார். அவர் மனதில் போடும் கழிவு எப்போதும் உண்மையான துருவைவிடப் பெரியது.

கண்டவை

முதல் வாரம் முழுக்கப் பார்ப்பதிலும் எழுதிக்கொள்வதிலும் போனது.

இந்த வரிசை வண்டிகளில் துரு பிடிக்கும் இடங்கள் பெரும்பாலும் தெரிந்தவை. கேபினின் பின் மூலைகள், கால் வைக்கும் தளம், கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு, கேபினைச் சேசிஸில் தாங்கும் முன் பிடிப்புகள், ஃபெண்டரின் அடிப்பாகம். துணி சுற்றிய சின்னக் காந்தம் ஒன்றை வைத்து ஒவ்வொன்றாகத் தடவினேன். வலது மூலையில் பிடித்தது. இடது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கிக்கொண்டே வந்தது, அங்கே பட்டி. எப்போதோ அப்பாவே போட்டிருக்க வேண்டும். காலால் மிதிக்கும் செல்ஃப் பெடலுக்குப் பக்கத்தில் தளத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன், கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. கீழே தரை தெரிந்தது.

சேசிஸ் நன்றாக இருந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்ததில் மேல் துரு மட்டுமே. மூலைவிட்டமாக இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்ததில் 3 மில்லிமீட்டர் வித்தியாசம். அடி வாங்கிக் கோணிய வண்டி இல்லை என்று எழுதிக்கொண்டேன். லோடு தொட்டியில் இரண்டு பலகைகள் மக்கிவிட்டன, பலகைகளுக்கு நடுவே ஓடும் இரும்புப் பட்டைகள் முழுசாக இருந்தன. பெட்ரோல் டேங்க் இந்த மாடலில் கேபினுக்குள்ளேயே, சீட்டுக்குப் பின்னால் இருக்கும். மூடியைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை வரவில்லை, பழைய வார்னிஷ் வாசனை வந்தது. சீட்டின் ஸ்பிரிங்குகளுக்குள் எலிக்கூடு. அதைப் பெருக்கித் தூசி கிளப்பக் கூடாது. முகமூடி போட்டுக்கொண்டு, கிருமிநாசினி தெளித்து நனைத்துத்தான் எடுத்தோம். சக்கரங்களில் மூன்று சுற்றின. பின் இடது பிரேக் பிடித்துக்கொண்டு அசையவில்லை.

மீட்டர் 61,408 மைல் காட்டியது. ஐந்து இலக்க மீட்டர், 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதனால் அந்த எண்ணை ஓடிய தூரமாக எழுத முடியாது, மீட்டர் காட்டும் எண்ணாகத்தான் எழுத முடியும்.

எஞ்சின் ஜாம். ஆறு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் துரு இளக்கும் எண்ணெயை விட்டோம். முதல் இரண்டு நாள் காலையும் மாலையும், பிறகு தினம் ஒருமுறை. ஐந்தாவது சிலிண்டருக்குள் கேமரா குழாயை விட்டுப் பார்த்தபோது சுவரில் காப்பு போட்டது மாதிரி ஒரு துரு வளையம் தெரிந்தது. அந்த சிலிண்டரின் வால்வு 19 ஆண்டும் திறந்தே நின்றிருக்கிறது, ஈரம் அந்த வழியாக இறங்கியிருக்கிறது. பலம் கொண்டு திருப்பினால் பிஸ்டன் ரிங் உடையும் என்பதால் கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னுமாக அசைத்துக்கொண்டே இருந்தோம். ஒன்பதாம் நாள் கால் சுற்று நகர்ந்தது. அன்று மாலையே முழுச் சுற்று. ஸ்பேனரைப் பிடித்திருந்த அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார்.

இவ்வளவையும் எழுதிக்கொண்ட நான், எஞ்சின் என்ற தலைப்பின் கீழ் "216, ஆறு சிலிண்டர்" என்று எழுதினேன். 1951 மாடல் 3100 என்றால் 216 கன அங்குல எஞ்சின்தானே.

மூன்று வழிகள்

முழுதாகச் சீரமைத்து விற்பது, கழற்றிப் பாகமாக விற்பது, இருக்கிறபடி விற்பது. இந்த மூன்றைத்தான் யோசித்தோம்.

சீரமைப்பதற்கு நான்கு மாதம் போதாது. போதும் என்றே வைத்தாலும் கணக்கு உதைக்கும். டிங்கரிங், பெயின்ட், எஞ்சின், குரோம் எல்லாம் கூலிக்குச் செய்தால், செலவு செய்த தொகை விற்பனை விலையில் பெரும்பாலும் திரும்பி வராது. தன் கையாலேயே செய்கிறவருக்கு மட்டும்தான் இது கட்டுப்படியாகும். அந்த ஆள்தான் வண்டியை வாங்கப் போகிறவர். அவர் செய்ய வேண்டியதை நாம் பாதி செய்து கெடுப்பானேன்.

கழற்றி விற்றால் கூட்டுத்தொகை அதிகம் வந்திருக்கலாம். பானெட், கிரில், பின் கதவு, கண்ணாடிச் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. ஆனால் நல்லவை முதலில் போய்விடும், கடைசியில் சேசிஸும் ஓட்டை விழுந்த கேபினும் மிஞ்சும். கொட்டகையைக் காலி செய்ய வேண்டியவர்களுக்கு அது சரிவராது. அதோடு தங்கை சம்மதிக்கவே மாட்டார்.

ஆகவே இருக்கிறபடி விற்பது என்று முடிவானது. அதற்குள் அடங்கிய இன்னொரு முடிவு, எஞ்சினை ஓடவைக்க முயல்வதில்லை என்பது. அண்ணன் எதிர்த்தார். "சத்தம் கேட்டாத்தானே காசு கொடுப்பாங்க?" நியாயமான கேள்விதான். 19 ஆண்டு நின்ற எஞ்சினில் எண்ணெய்ச் சட்டியை இறக்கிச் சுத்தம் செய்யாமல், டேங்க்கைக் கழுவாமல் ஓடவிட்டால் ஐந்து நிமிட சத்தத்துக்கு பேரிங்கைப் பலி கொடுக்க நேரலாம். ஸ்பேனரால் சுற்றுகிறது என்பதை வீடியோவில் காட்டினால் போதும் என்பது என் கட்சி. தங்கை என் பக்கம் வந்தார், அண்ணன் விட்டுக்கொடுத்தார்.

விலை வைத்தது

பளபளவென்று சீரமைத்த வண்டிகளுக்கு மக்கள் கேட்கும் விலையைப் பார்த்துவிட்டு, அதில் பாதி என்று அண்ணன் ஒரு தொகை சொன்னார். கேட்ட விலை என்பது வெறும் ஆசை, கைமாறிய விலைதான் சங்கதி. ஓடாத, இதே காலத்து வண்டிகள் உண்மையில் கைமாறிய தொகை மூன்றை நம்பகமாகத் தெரிந்துகொள்ள முடிந்தது. அவற்றில் நடுத்தொகைக்குச் சற்று மேலே கேட்பது என்று வைத்தோம். இந்தத் தொகையை 100 என்று கொண்டால், அதற்குக் கீழே போவதில்லை என்று இருவரும் ஒத்துக்கொண்ட தொகை 70. இதைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அண்ணன் தங்கைக்குள் கையெழுத்தா என்று சிரிப்பு வரலாம். ஆனால் அந்தத் தாள் பிற்பாடு ஒரு சண்டையைத் தவிர்த்தது.

முதல் விளம்பரம்

மூன்றாம் வாரம் விளம்பரம் போட்டோம். 74 படங்கள். ஓட்டை விழுந்த தளம், பட்டி போட்ட மூலை, பிரைமர் ஃபெண்டர், மக்கிய பலகை எல்லாம் முதல் வரிசையில். அழகான படங்கள் பின்னால். வாசகத்துக்கு மூன்று மாலைகள் ஆயின. "சின்னச் சின்ன வேலைதான்", "கொஞ்சம் செலவு செய்தால் ஓடும்" போன்ற வாக்கியங்களை வெட்டினோம். தெரியாததைப் பற்றிச் சொல்லும் உறுதிமொழிகள் அவை. மிஞ்சியதன் தொடக்கம் இப்படி:

"வண்டி ஓடவில்லை. ஓடவைக்க நாங்கள் முயலவும் இல்லை. எஞ்சின் ஸ்பேனரால் முழுச் சுற்று சுற்றுகிறது, வீடியோ உள்ளது. ஐந்தாவது சிலிண்டரில் துரு. இடது ஃபெண்டரில் உள்ள பிரைமர் அண்மையில் அடித்தது, அடியில் இருந்த நிலைக்குப் படம் இல்லை. இடது கேபின் மூலையில் பட்டி உள்ளது."

இதற்கெல்லாம் கீழே, என் பங்காக, "தொழிற்சாலையிலிருந்து வந்த 216 எஞ்சின்" என்று ஒரு வரி.

நான்காம் நாள் வந்த அழைப்பு

நான்காம் நாள் வயதானவர் ஒருவர் கூப்பிட்டார். வாங்க அல்ல, கேட்க. எஞ்சினின் வலப் பக்கப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக அனுப்ப முடியுமா என்றார். அனுப்பினோம். பத்து நிமிடத்தில் மறுபடி கூப்பிட்டு, "இது 216 இல்லீங்க" என்றார்.

216இல், வால்வுகளை இயக்கும் தள்ளுகம்பிகளை மூடும் பக்கத் தகடு உயரமானது. ஸ்பார்க் பிளக்குகளைச் சுற்றிக்கொண்டு மேலே வரை ஏறும். பிற்காலத்து 235 கன அங்குல எஞ்சினில் அது குட்டை, பிளக்குகளுக்குக் கீழேயே நின்றுவிடும். எங்கள் வண்டியில் இருந்தது குட்டைத் தகடு. ஒன்பது நாள் அதே பக்கம் குனிந்து, அந்தத் தகட்டுக்கு மேலே இருந்த ஆறு ஓட்டைகளிலும் எண்ணெய் விட்டவன் நான். கண்ணில் பட்டிருக்கிறது, புத்தியில் படவில்லை.

விளம்பரத்தை அன்றே எடுத்துவிட்டு, டார்ச்சும் பிரஷ்ஷுமாக மறுபடி போனேன். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் பிளாக்கில், அதாவது எஞ்சினின் வார்ப்பு உடலில், அழுக்கைச் சுரண்டியபோது வார்ப்பிலேயே புடைத்து நின்றது C176. எழுத்து மாதம், நடுவில் தேதி, கடைசி இலக்கம் ஆண்டு. மார்ச் 17, ஆறில் முடியும் ஆண்டு. 1946ஆ 1956ஆ என்பதைக் குறி சொல்லாது. குட்டைத் தகடு 1956 என்று சொல்லிவிட்டது. இன்னொரு சாட்சியும் கிடைத்தது. வாட்டர் பம்ப்புக்கும் பிளாக்குக்கும் நடுவே தடித்த இரும்புத் தகடு ஒன்று. பிற்கால 235ஐப் பழைய வண்டியில் வைக்கும்போது ஃபேன் ரேடியேட்டருக்கு நேராக நிற்காது. பழைய பம்பைச் சற்று இறக்கி மாட்டுவதற்கு இப்படி ஒரு தகடு தேவைப்படும். கடையில் வாங்கியது அல்ல. ஓரத்தில் ஹேக்சா பல்லின் கோடுகள் தெரிந்தன. அப்பா கையால் அறுத்தது.

அண்ணன் இதைக் கெட்ட செய்தியாக எடுத்துக்கொண்டார். அது பாதிதான் சரி. எல்லா எண்ணும் தொழிற்சாலை எண்ணாக இருக்க வேண்டும் என்று தேடுகிறவர் இனி வர மாட்டார். ஆனால் 216இல் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளுக்கு பேபிட் என்ற மென்மையான உலோகக் கலவையை ஊற்றி வார்த்த பேரிங், அடியில் ஒரு சிறு கரண்டி எண்ணெயை அள்ளிக்கொள்ளும். மிதமான வேகத்தில் அது நன்றாகவே உழைக்கும், நீண்ட தூரம் வேகமாக ஓட்டுவதற்கு ஆனது அல்ல. 1956இன் 235இல் எண்ணெய் அழுத்தத்தோடு எல்லா பேரிங்குக்கும் போகும், பேரிங்குகளைக் கழற்றி மாற்றலாம். ஓட்டுவதற்காக வாங்குகிறவர் பலர் 216ஐ எடுத்துவிட்டு இதையேதான் தேடி வைப்பார்கள். ஆக, விலை அப்படியே. ஆள்தான் வேறு.

பதிவு ஆவணம்

அசல் தலைவலி எஞ்சின் இல்லை. அழைத்த பெரியவர் வைக்கும் முன் ஒன்று கேட்டார்: "பேப்பர்ல எந்த நம்பர் இருக்கு?"

இந்த வண்டிகளின் தொடர் எண், ஓட்டுநர் பக்கக் கதவின் கீல் தூணில் ஒரு தகட்டில் இருக்கும். முதல் எண் தொழிற்சாலை (14 என்றால் பால்டிமோர்), அடுத்து J 1951 மாடல், P அரை டன் 3100, அடுத்த எழுத்து மாதம், பிறகு வரிசை எண். எங்கள் தகட்டின் மேல் பெயின்ட் அடித்திருந்தது. திரவம் தொட்டு மெதுவாகத் துடைத்தபோது தெளிவாகவே தெரிந்தது. ஆவணத்தில் இருந்தது அந்த எண் இல்லை. இப்போது வண்டியில் இருக்கும் எஞ்சினின் எண்ணும் இல்லை.

காரணம் புரிய இரண்டு நாள் ஆயிற்று. பல இடங்களில் அந்தக் காலத்தில் வண்டியை எஞ்சின் எண்ணைக் கொண்டே பதிவு செய்தார்கள். ஆவணத்தில் இருந்தது பழைய 216இன் எண். அப்பா எஞ்சினை மாற்றினார், ஆவணத்தை மாற்றவில்லை. ஆக, அந்தக் காகிதம் குறித்த எஞ்சின் இந்த வண்டியில் கிடையாது. இப்படியே விற்றால் வாங்குகிறவர் பதிவு செய்யப் போகும் இடத்தில் மாட்டிக்கொள்வார். திருட்டு வண்டி என்று சந்தேகம் வந்தாலும் குறை சொல்ல முடியாது.

தெரிந்த மெக்கானிக் ஒருவர் சுலப வழி சொன்னார். பிளாக்கில் உள்ள எண்ணைத் தேய்த்துவிட்டுப் பழைய எண்ணை அடித்துவிடலாமாம். அது மோசடி. அடையாளத் தகட்டிலும் எண்ணிலும் கை வைத்த வண்டி அதற்குப் பிறகு எந்த விலைக்கும் தேறாது. சரி, அந்தப் பேச்சை அங்கேயே விட்டோம்.

நேர்வழிக்குச் சான்று வேண்டும். தங்கைதான் கண்டுபிடித்தார். கொட்டகைப் பரணில், வால்வு பெட்டிகளுக்கு அடியில், எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டு. அப்பா தான் செய்த வேலையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். எஞ்சின் மாற்றிய பக்கத்தில் தேதி, கழற்றிய எஞ்சினின் எண், மாட்டிய எஞ்சினின் எண், மூன்றும். முதல் எண் ஆவணத்தோடு பொருந்தியது. இரண்டாவது பிளாக்கில் அடித்திருந்ததோடு பொருந்தியது. அந்த நோட்டு, தகட்டின் படங்கள், அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுகள் இருவரின் ஒப்புதல் எல்லாவற்றையும் பதிவு அலுவலகத்தில் கொடுத்தோம். ஆள் வந்து வண்டியைப் பார்த்தார். தகட்டு எண்ணைக் கொண்டு புது ஆவணம் வர ஏழு வாரம். நடைமுறை இடத்துக்கு இடம் மாறும், எங்களுக்கு ஆனது இவ்வளவு.

அந்த ஏழு வாரத்தில் அண்ணன் இரண்டு முறை "பேப்பர் இல்லாமலே கொடுத்திடலாம், குறைச்சு எடுத்துக்குவாங்க" என்றார். அந்த நிலையில் ஒருவர் 60க்குத் தயாராகவும் இருந்தார், வண்டியைப் பார்க்காமலே. 70 என்று எழுதிய தாள் மேசையில் இருந்ததால் வாக்குவாதம் வளரவில்லை.

வந்து பார்த்தவர்கள்

பன்னிரண்டாம் வாரம் திருத்திய விளம்பரம். எஞ்சின் 1956இன் 235 என்பது, எப்படித் தெரிந்தது என்பது, முதல் விளம்பரத்தில் தவறாகச் சொல்லியிருந்தோம் என்பது, மூன்றையும் எழுதினோம். நோட்டுப் பக்கத்தின் படத்தையும் போட்டோம். இந்த முறை வந்த கேள்விகளின் தரமே வேறு. "கடைசி விலை என்ன" என்பவர்கள் குறைந்தார்கள்.

ஒருவர் 105 தருகிறேன் என்று எழுதினார். கேட்டதைவிட அதிகம். கூடுதல் தொகைக்கும் சேர்த்துக் காசோலை அனுப்புவாராம், மிச்சத்தை வண்டி ஏற்றிச் செல்பவருக்கு நாங்கள் பணமாகக் கொடுக்க வேண்டுமாம். பழைய தந்திரம், பதில் போடவில்லை.

நேரில் வந்த முதல் ஆள் தளத்தை நான்கு இடத்தில் குத்திப் பார்த்துவிட்டு மரியாதையாக விலகினார். அவர் கை வெல்டிங் தெரியாத கை. அடுத்து வந்தவர் வெல்டர், கூட மகள். வந்ததும் விலை பேசவில்லை. ஒரு தார்ப்பாயை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார், ஒரு மணி நேரம் எழவில்லை. மகள் டார்ச் பிடித்துக்கொண்டு அவர் சொல்வதை எழுதினாள். எழுந்தபோது நாங்கள் விட்ட இரண்டு குறைகளைக் காட்டினார். பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு அடைப்புத் தகட்டுக்குக் கீழே காய்ந்த துரு நீர்க் கோடு, இடது முன் சக்கரம் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் கிங் பின்னில் ஆட்டம். பிரைமர் ஃபெண்டரைத் தட்டிப் பார்த்து, "இதுக்குள்ள என்ன இருக்குன்னு நீங்களும் சொல்ல முடியாது, நானும் பார்க்க முடியாது. இதை மாத்துற கணக்குலதான் போடுவேன்" என்றார். கதவு எழுத்தின் முன் சற்று நேரம் நின்றார்.

அவர் 78 என்றார், அண்ணன் 88 என்றார். அப்புறம் 82க்கு முடிந்தது. குறைந்த 18இல் ஆறு ஃபெண்டருக்கு என்று அவரே கணக்குச் சொன்னார்.

ஒப்படைப்பு

"இருக்கிறபடி, உத்தரவாதம் இல்லாமல்" என்ற ரசீதோடு எங்கள் குறைப் பட்டியலையும் அவர் கண்ட இரண்டையும் சேர்த்து எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டோம். பணம் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த பிறகே ஆவணம் கைமாறியது.

ஏற்றும் நாளில் பின் இடது சக்கரம் எங்களை இரண்டு மணி நேரம் நிறுத்தியது. இழுத்தால் டயர் தரையில் தேயுமே தவிர சுற்றாது. பிரேக் தகட்டின் பின்னாலுள்ள துளை வழியே அட்ஜஸ்டரைத் தளர்த்தி, டிரம்மைச் சுற்றிலும் மரச் சுத்தியலால் தட்டித்தான் விடுபட்டது. டிரம்மைத் திறந்தால் உள்ளிருக்கும் தூசியை ஊதக் கூடாது என்று அவர் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார், பழைய லைனிங்கில் கல்நார் இருக்கும். கொட்டகையைக் காலி செய்யக் கெடு ஆறு நாள் இருந்தது.

மறுபடி செய்தால்

தகடு, ஆவணம், பிளாக் என்ற மூன்று எண்களையும் முதல் நாளே பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பேன். துருவைத் தேடிய கவனத்தில் கால் பங்கை அங்கே வைத்திருந்தால் ஏழு வாரக் காத்திருப்பு எண்ணெய் ஊறிய ஒன்பது நாளோடு சேர்ந்தே தொடங்கியிருக்கும். மாடல் ஆண்டை வைத்து எஞ்சினை எழுத மாட்டேன். இந்த வண்டிகள் எழுபது ஆண்டு உழைத்தவை, எஞ்சின் மாறாத வண்டிதான் அபூர்வம்.

குடும்பத்தினரிடம் முதல் தொலைபேசியிலேயே, நான் வரும்வரை கழுவக்கூட வேண்டாம் என்று சொல்வேன். நோட்டு, ரசீது, பழைய படம் எதையும் குப்பை என்று ஒதுக்காமல் ஒரு பெட்டியில் போடச் சொல்வேன். அந்த நோட்டு கிடைத்தது அதிர்ஷ்டம். பரணைக் காலி செய்ய வந்த ஆள் ஒரு நாள் முந்தியிருந்தால் போயிருக்கும். சக்கரங்கள் நான்கும் சுற்றுகின்றனவா என்பதைப் பார்த்ததோடு விடாமல், ஏற்றும் நாளுக்கு முன்பே சுற்றவைப்பேன்.

ஒன்றில் மட்டும் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஐந்து மாதம் கழித்து வாங்கியவர் தங்கைக்கு ஒரு வீடியோ அனுப்பினார். எஞ்சின் ஓடுகிறது, ஐந்தாவது சிலிண்டரில் அழுத்தம் குறைவு, ஃபெண்டர் மாற்றியாயிற்று, கதவு அப்படியே. எண்ணெய்ச் சட்டியை இறக்கியபோது எடுத்த படமும் இருந்தது. எண்ணெயை உறிஞ்சும் வலை, களிபோல் கெட்டியான கசடில் முக்கால்வாசி மூடிக் கிடந்தது. ஓடவிட்டிருந்தால் பேரிங் போயிருக்கும் என்று எழுதியிருந்தார். நான் சொன்னது சரி என்று அண்ணனிடம் காட்டினேன். அவர் அடுத்த வரியைக் காட்டினார். அன்று சத்தம் மட்டும் கேட்டிருந்தால் கேட்ட விலையையே கொடுத்திருப்பேன் என்று அதையும் அவரே எழுதியிருந்தார்.